புதுப்பிப்பு: மின்கம்பியில் சாய்ந்த தூங்குமூஞ்சிக் கிளை

மழைக்காலம் தொடங்கப் போகிறது, எங்கள் தெரு தூங்குமூஞ்சி மரத்தின் கிளையை வெட்ட ஆள் வரவில்லை என்று எழுதியிருந்தேன். நேற்று வந்தார்கள். "நாலு பேர் சும்மா நிக்கிறாங்க" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். சும்மா இல்லை. கம்பியில் மின்சாரத்தை நிறுத்தும்வரை மரத்தில் கை வைக்க முடியாது. நிறுத்தியதும் மளமளவென்று வேலை நடந்தது. முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, அப்புறம்தான் மேலிருந்து அறுத்தார்கள். இல்லாவிட்டால் பாரத்தில் பட்டை தண்டுவரை உரிந்துவிடும். கிளை தொடங்கும் தடித்த பகுதியையும் விட்டுவைத்தார்கள், வெட்டுக்காயம் மூடுவது அங்கிருந்துதான். இவ்வளவு தெரிந்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே தலைக்கவசம், அதுதான் எனக்குக் கோபம். வெட்டிய கிளைகள் இன்னும் சாலையோரம் கிடக்கின்றன; அள்ளும் லாரி வேறு பிரிவாம். அதற்கும் மனு கொடுத்துவிட்டேன்.