ஜான் டிங்கலிடம் மாட்டியவர்கள்: ஒரு அணை, ஒரு பல்கலைக்கழகம், ஒரு ஆய்வகம்

ஜான் டிங்கல் என்றதும் எல்லாரும் அந்த 59 ஆண்டுக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்பா இறந்து காலியான மிச்சிகன் தொகுதியில் 1955 டிசம்பர் இடைத்தேர்தலில் ஜெயித்து, 29 வயதில் பிரதிநிதிகள் சபைக்குள் வந்தவர். 2015 ஜனவரியில்தான் வெளியேறினார். அமெரிக்க காங்கிரசில் அவ்வளவு காலம் வேறு யாரும் இருந்ததில்லை. ஆனால் அவரோடு மோதியவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால்தான் அவர் வேலை செய்த விதம் பிடிபடும். டென்னசி மாநிலத்து டெலிகோ அணையிலிருந்து நான் ஆரம்பிக்கிறேன், மற்றவர்கள் தொடரட்டும்.

1966-இல் வந்த பழைய சட்டம், அருகிவரும் உயிரினங்களை அரசுத் துறைகள் ‘நடைமுறைக்கு இயன்ற வரை’ காக்க வேண்டும் என்றது. எந்தத் துறையும் இயலவில்லை என்று கைகழுவிவிட அது போதும். டிங்கல் கொண்டுவந்த 1973 சட்டத்தின் 7-ஆம் பிரிவில் அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. சபையில் அவர் எடுத்த உதாரணம் விமானப்படை: டெக்சாஸில் ஹூப்பிங் கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குண்டுவீச்சுப் பயிற்சி நடக்கிறது; இனி பாதுகாப்புத் துறை ஒதுங்கிப் போக முடியாது என்றார்.

டெலிகோ அணையைக் கட்டிய அரசு அமைப்பான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமோ, ஏறக்குறைய கட்டி முடிந்த அணைக்கு இது பொருந்தாது என்று வாதாடியது. குறுக்கே நின்றது மூன்று அங்குல ஸ்னெய்ல் டார்ட்டர் மீன். 1978-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அணையை நிறுத்தியது. தலைமை நீதிபதி பர்கர் ஆதாரமாக எடுத்துப் போட்டது டிங்கலின் அந்தச் சபைப் பேச்சைத்தான். பிறகு விலக்கு தர ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவும் டெலிகோவுக்கு மறுத்துவிட்டது. 1979-இல் நிதி ஒதுக்கீட்டு மசோதாவுக்குள் ஒரு வரியைச் செருகித்தான் அணையை முடிக்க முடிந்தது. சட்டம் எழுதுகிறவர்கள் சபைக் குறிப்பில் என்ன பேசி வைக்கிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று காட்ட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழக்கு இல்லை.

* * *

அணைக் கதை அருமை. நான் விசாரணைப் பக்கம் போகிறேன். 1981 முதல் 1995 வரை சபையின் எரிசக்தி, வணிகக் குழுவுக்கு டிங்கல்தான் தலைவர். அதன் விசாரணைத் துணைக்குழுவையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். முதலில் கடிதம் போகும். வரிசை எண் போட்ட கேள்விகள், வேண்டிய ஆவணங்களின் பட்டியல், பதில் தர வேண்டிய தேதி. ‘டிங்கல்கிராம்’ என்றே வாஷிங்டனில் அதற்குப் பெயர். அப்புறம் சத்தியப் பிரமாணத்தின் கீழ் சாட்சியம், ‘ஆமா, இல்லையா?’ என்று அடுத்தடுத்துக் கேட்பார். அங்கே பொய் சொன்னால் குற்ற வழக்கு. ரீகனின் நெருங்கிய உதவியாளராக இருந்த மைக்கேல் டீவர் அந்தத் துணைக்குழுவிடம் சொன்ன பொய்க்கும் சேர்த்துத்தான் 1987-இல் குற்றவாளி என்று தீர்ப்பானார்.

ஸ்டான்போர்டு மாட்டியது 1991-இல். அரசு ஆராய்ச்சிப் பணம் தரும்போது, கட்டடம், மின்சாரம், நிர்வாகம் என்று மறைமுகச் செலவுக்கும் ஒரு விழுக்காடு சேர்த்துத் தரும். அந்தப் பொதுக் கணக்கில் 72 அடி உல்லாசப் படகின் தேய்மானமும், தலைவர் வீட்டுப் பூக்களும், 1,200 டாலர் பழங்கால இழுப்பறைப் பெட்டியும் ஏறியிருந்தன. தலைவர் டொனால்டு கென்னடி பதவி விலகுவதாக அறிவித்தார். முடிவில் 1994-இல் பல்கலைக்கழகம் 12 லட்சம் டாலர் கட்டியது, மோசடி எதுவும் இல்லை என்று அரசு ஏற்றது. இந்தப் பின்பாதியைப் பலரும் சொல்வதே இல்லை.

* * *

பின்பாதி என்றால் தெரேசா இமானிஷி-காரி வழக்கையும் சொல்லியாக வேண்டும். 1986-இல் வந்த ஒரு நோயெதிர்ப்பு ஆய்வுக் கட்டுரை. நோபல் பெற்ற டேவிட் பால்டிமோரும் அதில் இணை ஆசிரியர். இமானிஷி-காரியின் தரவு சரியில்லை என்று அவரோடு வேலை செய்த ஆய்வாளர் சொன்னார். டிங்கல் குழு ஆய்வகக் குறிப்பேடுகளை வாங்கி, மையையும் தாளையும் சோதிக்க சீக்ரெட் சர்வீஸிடம் கொடுத்தது. கள்ளநோட்டுப் பிடிக்கும் முறை அது. பிற்பாடு எழுதிய தேதியும் சோதனை செய்த தேதியும் வேறுபடுவது ஆய்வகத்தில் சகஜம். அதையே மோசடி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆதாரங்களைப் பார்த்து எதிர்வாதம் செய்ய அந்த விஞ்ஞானிக்கு முறையான வாய்ப்பு கிடைத்தது மேல்முறையீட்டில்தான். 1996-இல் முழுமையாக விடுவிக்கப்பட்டார். பத்தாண்டு வாழ்க்கை போனது போனதுதான். டிங்கல் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. இதில் அவர் பக்கம் நியாயம் இல்லை.

* * *

ஹென்றி வாக்ஸ்மனை விட்டுவிட்டீர்கள். அவரும் ஜனநாயகக் கட்சிதான், அதே குழுதான். டெட்ராய்ட் கார் தொழிலுக்காக 1980-கள் முழுக்க வாகனப் புகைக் கட்டுப்பாட்டை டிங்கல் இழுத்துப் பிடித்தார். லாஸ் ஏஞ்சல்ஸ்காரர் வாக்ஸ்மன் விடவில்லை. 1989-இல் இருவரும் உடன்பட்ட பிறகுதான் 1990 காற்றுத் தூய்மைச் சட்டத் திருத்தங்களுக்கு வழி திறந்தது. 2008 நவம்பரில் வாக்ஸ்மன் போட்டியிட்டு, 2007-இல் டிங்கலுக்குத் திரும்பக் கிடைத்திருந்த குழுத் தலைமையை 137-க்கு 122 என்ற ஓட்டுக் கணக்கில் பறித்தார். அப்படியும் டிங்கல் சபையை விட்டுப் போகவில்லை. அப்பா 1943-இல் தொடங்கிய தேசிய மருத்துவக் காப்பீட்டு மசோதாவை ஒவ்வொரு காங்கிரசிலும் புதுப்பித்து வந்தவர், 2010 மார்ச்சில் ஒபாமாவின் மருத்துவச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டார்.