நூறு வரை ஒப்பிக்கும் குழந்தை எண்ணத் தடுமாறுவது ஏன்?

கேள்வி:
ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் நூறு வரை தடையின்றி ஒப்பிக்கிறாள். ஆனால் ஏழு புளியங்கொட்டைகளை எடுத்துத் தரச் சொன்னால் தடுமாறுகிறாள். வாசிக்கும்போதும் ‘கெ’, ‘கொ’ போன்ற எழுத்துகளில் நின்றுவிடுகிறாள். தனிப்பயிற்சிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே உதவ விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
ஒப்பிப்பதும் எண்ணுவதும் வெவ்வேறு திறன்கள் என்பதால், ஒவ்வொரு கொட்டையையும் தொட்டு நகர்த்தியபடியே எண்ணச் செய்து, முடிந்ததும் ‘மொத்தம் எத்தனை?’ என்று கேளுங்கள். அவள் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தைக் குறிக்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை என்று கொள்ளலாம். பல்லாங்குழி இதற்கு மிகவும் ஏற்றது. குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் விதியோடு ஆடினால், எண்ணாமலேயே நான்கைக் கண்ணால் அறியும் பழக்கமும் வரும். (பாட்டி வீட்டில் இருந்தால் அவரையே ஆடச் சொல்லுங்கள், பெற்றோரைவிட அவருக்குப் பொறுமை அதிகம்.)

மறுமொழி 2:
வாசிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘கெ’யில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்க, அதன் உயிரொலியோ மெய்யொலிக்குப் பின்னால் வருவதால், இடமிருந்து வலமாகப் படிக்கும் குழந்தை தயங்குவது இயல்பே, ‘கொ’விலோ குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ஆகவே 247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்பிக்கவைப்பதைவிட, ‘கெண்டை’, ‘கொடி’, ‘கொய்யா’ என்று அவளுக்குத் தெரிந்த சொற்களில் அக்குறிகளைச் சுட்டிக்காட்டுவதே பயன் தரும் என்பது என் கருத்து.

மறுமொழி 3:
தமிழ்நாட்டு அரசுப் பள்ளியென்றால், 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி நூலை வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.