மேடைக்கு வரும் ஒராங்குட்டான் காட்டுக்குத் திரும்பியதா?

கானகன் | காலை 7:12
நேற்று நம் மன்றத்தில் ஒருவர் மலேசியாவின் சபா மாநிலத்துச் செபிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையத்துக்குப் போய்வந்த படங்களைப் போட்டு, "தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகள் எல்லாம் காட்டுக்கே திரும்பிவிட்டன, கண்ணாரக் கண்டேன்" என்று எழுதியிருந்தார். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அந்தப் படத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். மரத்தைச் சுற்றி ஒரு பலகை மேடை. மேடையில் வாழைப்பழம். பக்கத்தில் வாளியோடு ஒரு பணியாளர். காலை 10 மணிக்கு ஒரு வேளை, மாலை 3 மணிக்கு ஒரு வேளை. 1964 இல் தொடங்கிய மையம் இது. அறுபது ஆண்டுகள் கழித்தும் மேடையில் பழம் வைக்க வேண்டியிருக்கிறது என்றால், எது எங்கே திரும்பியது? நேரம் வைத்துச் சாப்பாட்டுக்கு வரும் விலங்கு காட்டு விலங்கு அல்ல.

சண்டாக்கான் வாத்தியார் | காலை 7:40
தம்பி, நான் சண்டாக்கானில் 18 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன். செபிலோக் எனக்கு அடுத்த தெரு மாதிரி. மேடையில் ஏன் தினமும் ஒரே பழத்தை வைக்கிறார்கள் என்று யாரிடமாவது கேட்டீர்களா? சலித்துப்போக வேண்டும் என்பதற்காகத்தான். நாக்கு சலித்தால் தானே காட்டுக்குள் போய் அத்தியும் இளந்தளிரும் தேடும். காட்டில் பழம் கொழிக்கும் மாதங்களில் மேடைக்கு ஒன்றுகூட வராத நாட்கள் உண்டு. பயணிகள் டிக்கெட் வாங்கிக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

கானகன் | காலை 7:52
பழம் இல்லாத மாதங்களில் வருகின்றன அல்லவா? அதைத்தான் நானும் சொல்கிறேன். மேடை இருக்கிறது. அங்கே வருகின்றன. இன்னொன்று, எனக்கு 46 வயது. தம்பி என்று அழைக்க வேண்டாம்.

ஈப்போ மாலதி | காலை 8:15
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். "காட்டுக்குத் திரும்புவது" என்றால் எதைச் சொல்கிறோம்? தானே கூடு கட்டுவதையா, தானே இரை தேடுவதையா, குட்டி ஈன்று வளர்ப்பதையா, மனித வாடையே இல்லாமல் வாழ்வதையா? அதை முடிவு செய்யாமல் பேசினால் நாள் முழுக்கப் பேசலாம்.

சண்டாக்கான் வாத்தியார் | காலை 8:21
அம்மா, அதெல்லாம் புத்தகப் பேச்சு. மேடையைப் பற்றித் தெரியாமல் ஒருவர் எழுதிவிட்டார், அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

1986 இல் ஒரு செம்பனை (பாமாயில் தரும் பனை) தோட்டத்து மேலாளர் வீட்டுக்கு மாணவனின் தந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். பின்கட்டில் துணி காயும் கம்பியில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒராங்குட்டான் குட்டி. ஒரு வயதுகூட இருக்காது. பழைய துவாலை ஒன்றை இரண்டு கையாலும் இரண்டு காலாலும் இறுக்கிப் பிடித்திருந்தது. துவைப்பதற்காக வீட்டுப் பெண் அதை இழுத்தபோது குட்டி போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. தாயின் முடியைப் பிடித்தே வளர வேண்டிய கை அது, பிடிக்க வேறு எதுவும் இல்லை. "தாய் எங்கே?" என்று கேட்டேன். "மரம் சாய்க்கும்போது முடிந்துபோனது" என்றார்கள். குட்டி உயிரோடு வேண்டுமென்றால் தாயைக் கொன்றுதான் ஆக வேண்டும். உயிருள்ள எந்த ஒராங்குட்டான் தாயும் குட்டியை விட்டுத் தராது. அந்தக் குட்டியும் கடைசியில் செபிலோக்குக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மேடையைக் குறை சொல்கிறவர்கள் அந்தத் துவாலையைப் பார்த்திருக்க வேண்டும்.

தேனி முத்து | காலை 9:03
வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. ஆனால் கண்ணீர் வேறு, கணக்கு வேறு. இந்தோனேசியாவின் தஞ்சோங் பூத்திங் காட்டில் 1971 முதல் ஒராங்குட்டான் ஆய்வாளர் பிருத்தே கால்டிகாஸ் அம்மையார் மீட்ட குட்டிகளை வளர்த்துக் காட்டில் விட்டார். தொண்டு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே காட்டு ஒராங்குட்டான்கள் வாழ்ந்துவரும் இடத்தில் அவற்றை விட்டதில் என்ன ஆனது? அதே போர்னியோத் தீவின் வேறு பகுதியைச் சேர்ந்த துணையினப் பெண் ஒராங்குட்டான்கள் இரண்டின் வழியாகக் குறைந்தது 22 கலப்பு வாரிசுகள் உருவாகியிருப்பது 2016 இல் வெளியான மரபணு ஆய்வில் தெரியவந்தது. மனிதரிடமிருந்து காசநோய் தொற்றும் ஆபத்து தனி. இப்படியெல்லாம் ஆகும் என்றுதான் 1995 இலேயே இந்தோனேசிய அரசு, காட்டு ஒராங்குட்டான்கள் உள்ள இடத்தில் மீட்டவற்றை விடக் கூடாது என்று ஆணையிட்டது.

கானகன் | காலை 9:10
முத்து சொல்வது சரி. அதோடு மேடையும் இருக்கிறது. மீட்டவையும் காட்டில் உள்ளவையும் ஒரே மேடையில் கூடினால் நோய் பரவுமா, பரவாதா? வாத்தியார் பதில் சொல்லட்டும்.

சண்டாக்கான் வாத்தியார் | காலை 9:26
சொல்கிறேன். வருகிற குட்டியை முதலில் தனிமையில் வைத்து, ரத்தமும் சளியும் சோதித்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்ப்பார்கள். தாய் ஆறு, ஏழு ஆண்டுகள் கூடவே வைத்துக்கொண்டு கற்றுத்தருவதை மனிதர்கள் கற்றுத்தர வேண்டும். எந்தப் பழம் தின்னலாம், எந்தக் கிளை தாங்கும், இருட்டுவதற்கு முன் கிளைகளை மடக்கி எப்படிக் கூடு கட்டுவது என்று ஒவ்வொன்றாக. மரம் ஏறத் தெரியாமல் தரையிலேயே உட்கார்ந்திருக்கும் குட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? பணியாளர் அதைத் தூக்கிக் கொடியில் தொங்கவிடுவார். அது இறங்கி வந்து அவர் காலைக் கட்டிக்கொள்ளும். மறுபடி தூக்கித் தொங்கவிடுவார். இப்படி மாதக்கணக்கில். அந்தப் பாடத்தின் கடைசிப் படிதான் மேடை. வழியில் இருக்கும் சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்திரத்தில் சாப்பிட்டவன் ஊர் போய்ச் சேரமாட்டான் என்று யாராவது சொல்வார்களா?

கானகன் | காலை 9:31
சத்திரத்திலேயே 20 ஆண்டுகள் சாப்பிடுகிறவனை என்னவென்று சொல்வது?

இந்தோனேசியாவில் உள்ள நியாரு மெந்தெங் மறுவாழ்வு மையத்தைப் பாருங்கள். 1999 இல் தொடங்கினார்கள். அங்கே வனப்பள்ளி, பிறகு ஆற்றுத் தீவுகள், அதன் பிறகு 2012 முதல் புக்கிட் பத்திகாப் என்ற தொலைதூரக் காட்டில் விடுகிறார்கள். தோலுக்கடியில் வானொலிக் கருவி வைத்துப் பின்தொடர்கிறார்கள். சுற்றுலாக் கூட்டம் இல்லை. அதைத் திரும்பியது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். செபிலோக்கைச் சொல்லாதீர்கள்.

ஈப்போ மாலதி | காலை 9:48
இப்போது நீங்களே ஒரு வரையறை சொல்லிவிட்டீர்கள். அதையே வைத்துப் பேசலாமே?

சண்டாக்கான் வாத்தியார் | காலை 9:55
செபிலோக்கின் காடு 4,294 ஹெக்டேர்தான். சுற்றிலும் தோட்டங்கள். அதனால்தான் சிலவற்றைத் தாபின் காப்புக்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஏது நீங்கள் சொல்கிற பயணிகள் கூட்டம்? இதைக் கானகன் எழுதவில்லை. எழுதமாட்டார். சென்ற தைப்பூசத்தின்போது பத்துமலை முருகன் கோயில் குரங்குகளைப் பற்றி எழுதியபோதும் பாதியைத்தான் எழுதினார்.

கானகன் | காலை 10:02
பத்துமலையை இழுத்துவிட்டீர்களா? அங்கே பக்தர்கள் கடலையும் வாழைப்பழமும் கொடுத்துப் பழக்கியதால் குரங்குகள் பையைப் பிடுங்குகின்றன, கொடுக்காதீர்கள் என்று எழுதினேன். "குரங்குக்குக் கொடுப்பது அனுமனுக்குக் கொடுப்பது" என்று என்னோடு மல்லுக்கு நின்றவர் நீங்கள்தான். அன்று படிக்கட்டு, இன்று மேடை. கையால் உணவு கொடுப்பதில் உங்களுக்கு என்ன இவ்வளவு பிடிவாதம்?

சண்டாக்கான் வாத்தியார் | காலை 10:09
தெய்வ நம்பிக்கையை இங்கே கொண்டுவர வேண்டாம். என் பிடிவாதம் அந்தத் துவாலையில் தொடங்கியது.

யாழ் நிலவன் | காலை 10:30
எல்லோரும் ஒராங்குட்டானையும் குரங்கையும் ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள். ஒராங்குட்டான் வாலில்லா மனிதக்குரங்கு வகை, மனிதனுக்கு நெருங்கிய உறவு. பெயரையும் தவறாக எழுதுகிறீர்கள். மலாய் மொழியில் ஓராங் என்றால் மனிதன், ஹூத்தான் என்றால் காடு. "குட்டான்" எங்கிருந்து வந்தது?

தேனி முத்து | காலை 10:41
பல ஆண்டுகளாகத் தமிழில் புழங்கிவரும் சொல்லை இப்போது திருத்த வந்துவிட்டீர்கள். எழுத்துப்பிழை பார்க்கும் நேரத்தில் எங்கள் ஊர்த் தேவாங்கைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கலாம். அதன் கண்ணுக்காகவும் எலும்புக்காகவும் மாந்திரீகக்காரர்கள் பிடித்துக் கொன்றார்கள். 2022 இல்தான் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர்ச் சரணாலயம் வந்தது. அங்கே மேடை போடவில்லை, பால் புகட்டவில்லை. காட்டை விட்டுவைத்தார்கள். ஒரு குட்டியை ஆண்டுக்கணக்கில் வளர்க்கும் பணத்தில் எத்தனை ஏக்கர் காட்டைக் காக்கலாம் என்பதுதான் கேள்வி. அந்தக் காட்டை அழித்த செம்பனையைப் பற்றி மலேசியா நண்பர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

ஈப்போ மாலதி | காலை 11:06
முத்து அண்ணா, இதை மட்டும் பொறுக்க முடியாது. என் அம்மா முதலில் ரப்பர் மரம் சீவினார், பிறகு செம்பனைக் குலை தூக்கினார். காட்டை அழிக்கச் சொல்லி அவர் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் ஊர் ரேஷன் கடையில் மாதாமாதம் வாங்குகிற பாமாயில் எங்கிருந்து வருகிறது? அந்த எண்ணெயில் பலகாரம் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு எங்கள் கூலிக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

தேனி முத்து | காலை 11:14
கூலிக்காரர்களை நான் எங்கே சொன்னேன்? முதலாளிகளைச் சொன்னேன்.

ஈப்போ மாலதி | காலை 11:17
"மலேசியா நண்பர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே போய்ப் பாருங்கள்.

நெறியாளர் | காலை 11:30
பாமாயிலுக்குத் தனித் திரி இருக்கிறது. தலைப்புக்கு வாருங்கள்.

சண்டாக்கான் வாத்தியார் | நண்பகல் 12:05
தலைப்புக்கே வருகிறேன். முத்துவுக்கு ஒன்று. காட்டைக் காப்பாற்று, குட்டியை விட்டுவிடு என்று எழுதுவது எளிது. கயிற்றில் கட்டிய குட்டியைப் பறிமுதல் செய்து கொண்டுவந்து வாசலில் வைக்கிறார்கள். அதற்கு என்ன பதில்? ஊசி போட்டுக் கொல்லச் சொல்வீர்களா? பறிமுதல் செய்ததை வைக்க இடம் இல்லையென்றால் எந்த அதிகாரி பறிமுதல் செய்யப் போவார்? எண்பதுகளின் பிற்பகுதியில் தைவானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியால் ஒராங்குட்டான் வளர்ப்பது மோகமாகி, நூற்றுக்கணக்கான குட்டிகள் கடத்தப்பட்டன. அவை வளர்ந்து முரடானதும் அதே மக்கள் கைவிட்டார்கள். எட்டு ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் உயிர் இது. ஒரு தாய் போனால் ஒரு தலைமுறையே போகிறது. மீட்ட பெண் ஒன்று காட்டில் குட்டி ஈன்று, அந்தக் குட்டியோடு மேடைக்கு வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வாயில் இரண்டு பழம், காலில் ஒரு பழம். குட்டி முடியைப் பிடித்துத் தொங்கியது. துவாலையை அல்ல, தாயின் முடியை.

கானகன் | நண்பகல் 12:11
மேடைக்கு வந்து நின்றது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

சண்டாக்கான் வாத்தியார் | நண்பகல் 12:13
பழத்தை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிக் காட்டுக்குள் போய்விட்டது. அதையும் எழுதுகிறேன், படியுங்கள்.

கானகன் | நண்பகல் 12:15
மறுநாள்?

சண்டாக்கான் வாத்தியார் | நண்பகல் 12:40
மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அடுத்த மாதம் சண்டாக்கான் போகிறேன். பத்து நாட்கள் இரண்டு வேளையும் அங்கே நின்று, எது வந்தது, எது வரவில்லை என்று நோட்டில் எழுதி இங்கே போடுகிறேன்.

கானகன் | நண்பகல் 12:44
போடுங்கள். மேடையின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.