வில்லன் செத்தால் கதை முடிஞ்சிடுமா? ('சுழல்' பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள், முடிவு இருக்கிறது)

ராயபுரத்திலிருந்து:

2022 ஜூனில் அமேசான் பிரைமில் 'சுழல்' வெப் சீரிஸ் வந்தபோது எங்கள் கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே வீட்டில் கூடிப் பார்த்தார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற மாடி வீட்டு அக்காதான் தலைமை. கதாநாயகி நந்தினியையும் அவள் தங்கையையும் சின்ன வயசில் சீரழித்தது யார் என்பதுதான் கதையின் முடிச்சு. அவர்கள் வீட்டு ஆளேயான, குமரவேல் நடித்த குணாதான் குற்றவாளி என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா அசையவில்லை. "வெளிய இருந்து எவன்டி வருவான்? கதவைத் தட்டாம உள்ள வர்றவன்தான்."

நந்தினி கையாலேயே அவர் சாகும்போது ஒருத்திகூடப் பதறவில்லை. கதையோடு மயானக் கொள்ளைத் திருவிழாவும் ஓடுகிறதே, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மாசியில் அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போவதைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கொலையாகவே படவில்லை. ஆத்தா வந்து இறங்கிய கணக்குதான். வேறு ஊர்க்காரர்கள் அதை எப்படிப் பார்த்தார்களோ!

ஆனால் அக்கா விடவில்லை. "சரி, அவன் போயிட்டான். இத்தனை வருஷமா அதே வீட்ல சோறு தின்னவங்கள யாரு கேக்குறது?" நியாயமான கேள்வி. வில்லனைத் தீர்த்துக்கட்டிவிட்டால் குடும்பம் சுலபமாகத் தப்பித்துவிடுகிறது.

2025 பிப்ரவரியில் வந்த இரண்டாவது சீசனில் நந்தினி ஜெயிலில் இருந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. "கொன்னா புழல்தானே" என்றாள் அக்கா, பூண்டு உரித்துக்கொண்டே.

மெகா சீரியல் வில்லிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். வருஷக்கணக்கில் விஷம் கலந்தவள் கடைசி வாரத்தில் காலில் விழுவாள், 'சுபம்' போட்டுவிடுவார்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

மேலே சொன்னவருக்கு: எல்லா வில்லனையும் கொல்லவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். 97-98இல் சன் டிவியில் வந்த 'விடாது கருப்பு' நினைவிருக்கிறதா? இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். வாராவாரம் குதிரைச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் போய்விடுவேன். குதிரையில் வந்து தண்டிக்கிற கருப்பசாமி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கடைசியில் பார்த்தால் அந்தக் கருப்பு, சேத்தன் நடித்த ராஜேந்திரனுக்குள்ளேயே மனநோயால் இருந்த இன்னொரு ஆள்! யார் மேல் கோபப்படுவது? அந்தத் தவிப்புக்காகவே எனக்கு அது உசத்தி.

எங்கள் நைனாதான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "சாமி பண்ண வேலையப் போயி வியாதின்னு சொல்லிட்டானுங்க. அத்தனை வாரம் உட்கார்ந்து பார்த்தவன் என்ன கேனையா?"