1946 ‘செகாய்’ (ஜப்பானிய மாத இதழ்) இதழ்களைப் புரட்டியவர்கள் சொல்லுங்கள்: எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது?

ஏடகம்:
போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஜனநாயகத்தை மீட்டெடுக்க இதழ்கள் என்ன செய்தன என்று தேடுபவர்கள் நேரே 1946 மே ‘செகாய்’க்குப் போகிறார்கள். அதில்தான் அரசியல் சிந்தனையாளர் மருயாமா மசாவோவின் அதிதேசியவாதம் பற்றிய கட்டுரை வந்தது. ஏப்ரல் இதழை விட்டுவிடாதீர்கள். அதில் எழுதியவர், பண்டைய வரலாறு எழுதியதற்காகப் போர்க்காலத்தில் தண்டிக்கப்பட்ட ட்சுடா சோகிச்சி. அவர் நூல்களை வெளியிட்ட இவானாமி ஷிகெயோவுக்கும் சேர்த்தே 1942இல் தீர்ப்பு. அப்படிப்பட்டவர் அரச மரபை விளாசுவார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். வந்ததோ அரச குடும்பத்தின் மீது பற்று வழியும் கட்டுரை! இதழாசிரியர் யோஷினோ கென்சாபுரோ அதைத் தூக்கிப்போடவில்லை. தன் தயக்கங்களை விவரித்து ட்சுடாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தையும் அதே இதழில் போட்டார். என்னைக் கேட்டால், மருயாமா கட்டுரையைவிட இந்தப் பக்கங்கள்தான் ஜனநாயகப் பாடம்.

கேலிபுரூஃப்:
சரிதான், ஆனால் அச்சில் வந்ததை மட்டும் நம்பினால் வழுக்கிவிடும். நேச நாடுகளின் ஆக்கிரமிப்புத் தலைமையகம் 1945 செப்டம்பரிலேயே பத்திரிகை விதிகளைப் போட்டுவிட்டது. இதழ்கள் கேலி புரூஃப் (அச்சுக்கு முந்தைய திருத்தப்படி) இரண்டு படி அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். போருக்கு முன் வெட்டிய இடத்தில் ‘××’ தெரியும், வாசகருக்குப் புரிந்துவிடும். ஆக்கிரமிப்புக் காலத்தில் அதுவும் கூடாது. வெற்றிடம் விடாமல் வரிகளை இழுத்து நிரப்ப வேண்டும். தணிக்கை நடக்கிறது என்று எழுதுவதே குற்றம், அரசியல் சாசன வரைவில் தலைமையகத்தின் பங்கைச் சொல்வதும் அப்படியே.

எனவே பிராங்கே தொகுப்பைப் பாருங்கள், அந்தத் தணிக்கைக்குப் போன இதழ்களும் புரூஃப்களும் சேர்ந்தது அது. மூலம் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில், நுண்படம் (மைக்ரோஃபிலிம்) டோக்கியோ தேசிய நூலகத்தின் அரசியல் வரலாற்று ஆவண அறையில். முதலில் அச்சு இதழ், பிறகு தணிக்கையாளர் கோடிட்ட புரூஃப், கடைசியாகத் தணிக்கையாளரின் ஆங்கிலக் குறிப்பு. இந்த வரிசையில் ஒப்பிட்டால் எது, ஏன் போனது என்று பிடிபடும். எல்லாக் கட்டுரைக்கும் புரூஃப் கிடைக்காது. 1947 இறுதிக்குள் பெரும்பாலான இதழ்கள் பின்தணிக்கைக்கு, அதாவது அச்சான பிறகு சரிபார்க்கும் முறைக்கு, மாறின. அதன் பிறகு கோடே இல்லை என்பதைச் சுதந்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிபடுமோ என்ற பயத்தில் ஆசிரியரே வெட்டியிருப்பார்.

மைத்துளி:
தேடலில் இன்னொரு சிக்கல். ஜப்பானிய எழுத்து வடிவங்களை எளிதாக்கிய சீர்திருத்தம் 1946 நவம்பரில்தான். முந்தைய இதழ்களைப் பழைய வடிவத்திலும் தேடுங்கள், இல்லாவிட்டால் ‘நாடு’ என்ற சொல்லே சிக்காது. தாள் பங்கீட்டு முறை இருந்த காலம் அது. இரண்டு மாதத்தைச் சேர்த்து ஒரே இதழாகப் போட்டவர்கள் உண்டு. இதழ் எண் விட்டுப்போனால் உடனே தடை என்று எழுதிவிடாதீர்கள். தாளும் தரம் குறைந்தது, அமிலம் ஏறியது. மூலப்படியைத் தொட்டாலே உதிரும், நுண்படமே போதும்.

ஏடகம்:
தணிக்கை 1949 அக்டோபரில் முடிந்தபின் தொனி மாறுவதைப் பார்க்க, 1950 டிசம்பர் இதழின் அமைதி அறிக்கையையும் போரை முறையாக முடித்த சமாதான ஒப்பந்தம் பற்றிய 1951 அக்டோபர் சிறப்பிதழையும் அடுத்தடுத்துப் படியுங்கள். எல்லா நாடுகளோடும் ஒப்பந்தம் வேண்டும் என்ற ‘செகாய்’ வாதம் தோற்றது: சோவியத் கையெழுத்திடவில்லை, சீனா அழைக்கப்படவே இல்லை. ஆனால் அந்தச் சிறப்பிதழில் அமெரிக்காவை விமர்சிக்க யாரும் புரூஃப் அனுப்பி அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.