கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) குடுவையில் தாங்கிய படலம் எரிபொருள் செல்லிலும் தாங்குமா?

காரநேசன்: ஹைட்ராக்சைடைக் கடத்தும் பாலி அரைல் பைப்பெரிடினியம் படலம் 1 மோலார் கேஓஎச்சில், 80 டிகிரியில், 1000 மணி நேரம் கடத்துதிறன் இழக்காமல் நின்றால் ‘கார நிலைத்தன்மை உண்டு’ என்று எழுதுவதில் என்ன தப்பு? பாலிமர் முதுகெலும்பில் ஈதர் பிணைப்புள்ள குவாட்டர்னரி (நேர்மின் அம்மோனியம் ஏற்றிய) பாலிசல்ஃபோனை அதே குடுவையில் போட்டால் நொறுங்குகிறதே.

வறட்சி: மோசமானவற்றைக் கழிக்கச் சரி, ஆயுள் சொல்லப் போதாது. 1 மோலாரில் ஒரு ஹைட்ராக்சைடுக்கு 50க்கு மேல் நீர் மூலக்கூறு. செல்லில் கேத்தோடு ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் 2 நீரைத் தின்கிறது. ஆனோடுக்கு ஓடும் ஹைட்ராக்சைடும் நீரை இழுத்துப் போகிறது. மின்னோட்டம் ஏற ஏற ஆனோடில் வெள்ளம், கேத்தோடில் வறட்சி. நீர்ப்போர்வை இழந்த ஹைட்ராக்சைடு அறை வெப்பநிலையிலேயே, படலங்களில் வழக்கமாக ஏற்றும் நேர்மின் தொகுதியான பென்சைல் ட்ரைமெத்தில் அம்மோனியத்தைத் தாக்கும்.

காரநேசன்: அப்போ குடுவைக்குப் பதில் நீரைக் குறைத்து ஈர நைட்ரஜனில் நடத்தும் வறண்ட சோதனையை எப்படி நம்புவது சார்? அதில் துளி காற்று கசிந்தாலும், காற்றின் கார்பன் டை ஆக்சைடால் ஹைட்ராக்சைடு பைகார்பனேட்டாகிவிடும். தாக்க ஆளே இருக்காது. படலம் பிழைத்ததாகத் தெரியும், கடத்துதிறன் மட்டும் விழும். சிதைவா கார்பனேட்டா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

வறட்சி: கடத்துதிறனை விட்டுவிட்டு ஐ.இ.சி. (அயனிப் பரிமாற்றத் திறன், அதாவது ஒரு கிராம் படலத்தில் எத்தனை மில்லிமோல் நேர்மின் தொகுதி) பாருங்கள். சோதனை முடிந்ததும் சோடியம் குளோரைடில் ஊறவைத்து, கழுவி, குளோரைடு வடிவிலேயே 60 டிகிரி வாக்குவத்தில் உலர்த்துங்கள். ஹைட்ராக்சைடு வடிவில் உலர்த்தினால் அந்த உலர்த்தலே படலத்தைக் கெடுக்கும். 60 மி.கி. எடுத்து 0.2 மோலார் சோடியம் நைட்ரேட்டில் ஒரு நாள் விட்டு, பொட்டாசியம் குரோமேட் சேர்த்து 0.01 மோலார் சில்வர் நைட்ரேட்டால் தரம்பார்த்தால், ஐ.இ.சி. 2.5 உள்ள நல்ல படலத்துக்கு 15 மி.லி. பிடிக்கும். 12 தான் பிடித்தால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. கசிவு இருந்ததா என்பதை மட்டும் இது சொல்லாது. அதற்கு, கெட்டே ஆகவேண்டிய பென்சைல் வகைத் துண்டு ஒன்றையும் கூடவே தொங்கவிடுங்கள். அதுவும் பிழைத்தால் சோதனையைத் தூக்கிப் போடலாம்.

காரநேசன்: குளோரைடு கணக்கும் முழுசா காட்டாது. ஹாஃப்மன் நீக்கத்தில் (ஹைட்ராக்சைடு ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும் சிதைவு) வளையம் திறந்ததா, மெத்தில் கழன்றதா என்பது புரோட்டான் என்.எம்.ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) தான் தெரியும். டியூட்டரேட்டட் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கொஞ்சம் டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலம்) விட்டால் நீர் உச்சி ஒதுங்கும். 5, 6 பிபிஎம் பக்கம் வினைல் (கார்பன் இரட்டைப் பிணைப்பு) உச்சி முளைத்தால் வளையம் திறந்திருக்கிறது.

மூன்றாமவர்: படலத்துக்கே இவ்வளவு சண்டையா? கேத்தோடு மின்னழுத்தத்தில், எலக்ட்ரோடுக்குள் கலந்திருக்கும் அயனி கடத்தும் பாலிமரான அயனோமரின் ஃபீனைல் ஆக்சிஜனேற்றமாகி ஃபீனால் ஆகிறது. அமிலமான அது பக்கத்து ஹைட்ராக்சைடை விழுங்கிவிடும். படலம் பத்திரமாக இருக்க, செல் செத்துக்கொண்டிருக்கும்.

வறட்சி: அது எலக்ட்ரோடு பிரச்சினை சார், தனி இழை போடுங்கள். என் கேள்வி இன்னும் நிற்கிறது: 1000 மணி நேரக் கணக்கை எழுதுகிறவர்கள் பக்கத்திலேயே எத்தனை நீர் மூலக்கூறுக்கு ஒரு ஹைட்ராக்சைடு என்று ஏன் எழுதுவதில்லை?