மறு: 'ஹேண்டில்' என்பதற்கு 'விளிப்பெயர்' சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த உரையாடல் இழை நீண்டுவிட்டது. இடையில் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை மட்டும் மறுபடி சொல்லிவிடுகிறேன். கடைப்பலகை, வேனின் பின்பக்கக் கதவு, துணிப்பை, ரசீதின் அடிப்பகுதி, சலூன் கண்ணாடியின் ஓரம் என்று எங்கே பார்த்தாலும் இப்போது @ குறியோடு ஒரு பெயர் நிற்கிறது. அதன் ஆங்கிலப் பெயர் ஹேண்டில். தமிழில் அதை என்ன என்று சொல்வது? நான் முன்வைத்த சொல் 'விளிப்பெயர்'. மறுப்புகள் நல்லவையாகவே வந்திருக்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> 'பயனர்பெயர்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இன்னொன்று எதற்கு?

பயனர்பெயர் என்பது உள்ளே நுழைவதற்கானது. வங்கித் தளத்தில்கூட எனக்கு ஒரு பயனர்பெயர் உண்டு. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. @ பெயர் அதற்கு நேர்மாறு. நாலு பேர் பார்க்க வேண்டும் என்றே சுவரில் எழுதுகிறார்கள். கணக்குக்குள் நுழையக் கைபேசி எண்ணோ மின்னஞ்சலோ போதும் என்று ஆன பிறகு, பல சேவைகளில் இந்தப் பெயருக்கு உள்நுழைவில் வேலையே இல்லை. மறைத்து வைக்கும் பெயருக்கும் ஊரறியச் சொல்லும் பெயருக்கும் ஒரே சொல்லைப் போட்டால், உதவிப் பக்கத்தை மொழிபெயர்க்கும்போது குழப்பம் நிச்சயம்.

கூடவே 'காட்சிப்பெயர்' (டிஸ்ப்ளே நேம்) ஒன்றும் இருக்கிறது. அதைத் தமிழிலேயே எழுதலாம், இடைவெளி விடலாம், ஒரே காட்சிப்பெயரை ஆயிரம் பேர் வைத்துக்கொள்ளலாம். @ பெயரோ ஒரு சேவையில் ஒருவருக்கு மட்டும்தான். ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) 15 எழுத்துக்குள் அடங்க வேண்டும், இன்ஸ்டாகிராமில் 30 வரை போகலாம். இரண்டிலும் ரோமன் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவை மட்டுமே செல்லும். இன்ஸ்டாகிராம் புள்ளியையும் ஏற்கும். தமிழெழுத்துக்கு இரண்டிலும் இடமில்லை.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் சிறு தொழில்களைப் படுத்துவது இதுதான். தமிழில் அழகான பெயர் வைத்த ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் ழகரம் இருந்தால் அதை ஒரே ரோமன் எழுத்தால் எழுதுவாரும் உண்டு, இரண்டால் எழுதுவாரும் உண்டு. நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்கலாமா வேண்டாமா என்பது அடுத்த சிக்கல். எப்படியோ ஒன்றை முடிவு செய்து போனால் அது ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது. உடனே நடுவில் ஒரு அடிக்கோடு, கடைசியில் ஒரு 'அஃபிஷியல்'. இன்னொரு சேவையில் அடிக்கோடு போட்ட வடிவமும் போய்விட்டது, அங்கே புள்ளி. ஆக ஒரே கடைக்கு மூன்று @ பெயர்கள்.

இப்போது அது பலகைக்கு வருகிறது. மூன்று சின்னங்களை வரிசையாக வரைந்து கீழே ஒரே ஒரு பெயரை எழுதிவிடுகிறார் ஓவியர். எந்தச் சின்னத்துக்கு எந்த வடிவம் என்று தெரியாது. அழகுக்காகப் பெயர் முழுவதற்கும் கீழே ஒரு கோடு இழுத்தால், பெயருக்குள் இருந்த அடிக்கோடு அதில் கரைந்துவிடும். புள்ளி இருந்தால் தொலைவில் இருந்து பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ட்விட்டர் 2023 ஜூலையில் பெயரையும் பறவைச் சின்னத்தையும் கைவிட்டது. பலகைகளில் அந்தப் பறவை இன்னும் உட்கார்ந்திருக்கிறது, பெயின்ட் உரிகிற வரை இருக்கும்.

அந்த ஒரு புள்ளியும் கோடும் பிசகினால் வாடிக்கையாளர் வேறு யாருடைய கணக்குக்கோ போய்ச் சேர்வார். கடையின் பெயரைக் கொண்ட போலிக் கணக்குகள் நுழைவதும் இந்த வழியில்தான்: ஒரு அடிக்கோடு கூடுதல், அல்லது ரோமன் O எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் சுழியம். முன்பணம் அங்கே போய்விட்டால் திரும்புவது கடினம். அதனால் கடைச்சுவரில் எழுதிய @ பெயரை நான் வெறும் விளம்பரமாகப் பார்ப்பதில்லை. இதுதான் எங்கள் கணக்கு என்று கடைக்காரர் தம் கூரைக்குக் கீழே கொடுக்கும் உறுதி அது. காசு கட்டி வாங்கும் நீலக் குறியைவிட அதை நம்பலாம் என்பேன். இவ்வளவு பொறுப்பைச் சுமக்கிற ஒன்றுக்குத் தமிழில் தெளிவான பெயர் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

> மக்கள் 'ஐடி' என்கிறார்கள். 'இன்ஸ்டா ஐடி என்ன?' என்று கேட்டால் எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது, பேச்சில் அப்படியே இருக்கட்டும். ஆனால் எழுத்தில் 'ஐடி' என்றால் அடையாள அட்டை, தகவல் தொழில்நுட்பத் துறை, மின்னஞ்சல் முகவரி எல்லாம் வந்து நிற்கின்றன. கலைச்சொல்லுக்கு அது தாங்காது. 'கைப்பிடி' என்று நேராக மொழிபெயர்த்தவர்களுக்கு ஒரு சொல்: ஆங்கிலத்திலேயே இது பிடிக்கும் பொருளைப் பற்றி நிற்கவில்லை. சிட்டிசன்ஸ் பேண்ட் என்ற, பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலியைப் பயன்படுத்தியவர்கள் 1970களில் தங்களுக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்களை ஹேண்டில் என்றார்கள். கைப்பிடியைத் தமிழில் கேட்பவருக்குக் கதவுதான் நினைவுக்கு வரும்.

சரி, 'விளி' ஏன்?

@ குறியை மின்னஞ்சலுக்குள் கொண்டுவந்தவர் ரே டாம்லின்சன், ஆண்டு 1971. அங்கே அது பெயருக்கும் கணினிக்கும் நடுவில் நிற்கிறது. இன்னார், இன்ன இடத்தில் என்று பொருள். நம் இலக்கணத்தில் சொன்னால் இடப்பொருள், அதாவது ஏழாம் வேற்றுமை. ட்விட்டர் 2006இல் வந்த பிறகு, பயனர்கள் தாங்களாகவே அந்தக் குறியைப் பெயருக்கு முன்னால் போட ஆரம்பித்தார்கள். நிறுவனம் பிறகுதான் அதை ஒரு வசதியாக ஏற்றுக்கொண்டது. முன்னால் வந்ததும் குறியின் வேலையே மாறிவிட்டது. எங்கே இருக்கிறார் என்பதை அது சொல்வதில்லை, 'இந்தா, உன்னைத்தான்' என்று கூப்பிடுகிறது. அதாவது எட்டாம் வேற்றுமை, விளி வேற்றுமை.

இது சும்மா ஒப்புமைக்காகச் சொன்னதல்ல. எட்டாம் வேற்றுமையின் பொருளை நன்னூல் சொல்லும் விதத்தைப் பாருங்கள்: படர்க்கையில் இருப்பவரைத் தன்முகமாக அழைப்பது. ஒருவரைப் பற்றி நான் வெறும் பெயரை எழுதினால் அவர் படர்க்கையில் இருக்கிறார், அவருக்குத் தெரியப்போவதில்லை. @ போட்டால் அவருக்கு அறிவிப்பு போகிறது, அவர் என் பக்கம் திரும்புகிறார். இந்தச் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான வரையறையை நான் பார்த்ததில்லை. மாஸ்டடான் போன்ற பரவல் வலையமைப்புகளில், அதாவது பல வழங்கிகளில் (சர்வர்) பரந்து இயங்கும் சமூக ஊடகங்களில், ஒரே முகவரியில் இரண்டு @ வரும், பெயருக்கு முன்னால் ஒன்று, வழங்கியின் பெயருக்கு முன்னால் ஒன்று. முன்னது விளி, பின்னது இடம்.

> விளி வேற்றுமையில் பெயர் திரியும்: முருகன், முருகா. @ பெயர் திரிவதில்லையே?

திரிந்தே ஆகவேண்டும் என்று விதி இல்லை, அம்மா. ஈறு திரிதல், குன்றுதல், மிகுதல் இவற்றோடு இயல்பாக நிற்பதையும் நன்னூல் சேர்த்தே சொல்கிறது. 'தம்பி வா' என்பதில் தம்பி மாறவில்லை.

> விளிதல் என்றால் சாதல். கடைக்காரர் தன் கடைக்கு இதை விரும்புவாரா?

இந்த மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. குறளிலேயே 'விளிந்தார்' இறந்தவர்தான். ஆனால் வினை இரண்டும் வேறு வேறாகத் திரிகின்றன: விளிந்தான் என்றால் இறந்தான், விளித்தான் என்றால் அழைத்தான். மெல்லினமும் வல்லினமும் இடம் மாறாமல் இருக்கும்வரை மயக்கம் இல்லை. இறத்தல் பொருள் இன்று பேச்சிலும் இல்லை, செய்தித்தாளிலும் இல்லை. அழைத்தல் பொருளோ பள்ளி இலக்கணப் பாடத்தில் எல்லோரும் படித்தது. 'அன்புள்ள அண்ணா' என்று கடிதம் தொடங்கினால் அதை விளி என்றுதான் சொல்லித் தருகிறார்கள்.

> 'அழைபெயர்' எளிமையாக இருக்கிறது.

இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இரண்டாம் தெரிவு அதுவே. தயக்கம் என்னவென்றால், அழைப்பு என்ற சொல்லுக்குக் கைபேசியில் இப்போதே வேலை அதிகம்: குரல் அழைப்பு, காணொளி அழைப்பு, தவறிய அழைப்பு, குழுவில் சேர அழைப்பு. ஒரே திரையில் 'அழை' என்ற பொத்தானும் 'அழைபெயர்' என்ற புலமும் இருந்தால், பெயரைத் தட்டியதும் போன் போகும் என்று பயனர் நினைப்பதில் தவறில்லை. அப்புறம், அழைக்கும் பெயர் என்றால் வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் என்ற நினைப்பும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது.

> இந்தப் பெயரை யாரும் வாயால் கூப்பிடுவதில்லையே, எழுதத்தானே செய்கிறோம்?

விளி வாயால்தான் நடக்க வேண்டுமா? கடிதத்தில் நடக்கிறது, கவிதையில் நடக்கிறது. இங்கே எழுத்தில் கூப்பிட்டால் அந்தப் பக்கம் உண்மையிலேயே மணி அடிக்கிறது.

சொல்லுக்குக் கிளை விடும் திறமும் வேண்டும் அல்லவா? பதிவில் @ போட்டு ஒருவரைச் சுட்டும் 'மென்ஷன்' என்பதற்குக் 'குறிப்பிடல்' என்று இதுவரை எழுதிவந்தோம். குறிப்பிடுவது ஆளுக்குத் தெரியாமலும் நடக்கும், ஆகவே அது பொருந்தவில்லை. 'விளிப்பு' என்று வைத்தால் விளித்தல், விளித்தவர், விளிக்கப்பட்டவர், விளிப்பை முடக்கு என்று எல்லாம் தானாகவே கிடைக்கின்றன. கடையில் ஒட்டும் அறிவிப்பை எழுதிப் பார்த்தேன்: 'எங்களை விளித்துப் படம் பகிருங்கள்', 'எங்கள் விளிப்பெயர்: @...'. முதல் வாக்கியம் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, உண்மை. இரண்டாவது பலகையில் ஏறும் என்று நம்புகிறேன். படத்துக்குள் ஒருவர் முகத்தின்மேல் பெயரை ஒட்டும் 'டேக்' வேறு செயல், அதை இதோடு சேர்க்க வேண்டாம். தனி இழையில் பேசலாம்.

சொற்பட்டியலுக்கு நான் அனுப்ப நினைக்கும் பதிவு இது:

விளிப்பெயர் (பெ.): சமூக ஊடகச் சேவை ஒன்றில் ஒரு கணக்குக்கு மட்டுமே உரியதாய், @ குறியை முன்னே கொண்டு, பிறர் அக்கணக்கைக் கண்டடையவும் விளிக்கவும் பயன்படும் பெயர். ஒப்பு நோக்குக: பயனர்பெயர், காட்சிப்பெயர்.

'கண்டடையவும்' என்பது அகராதிக்குக் கொஞ்சம் இலக்கியமாகத் தோன்றினால் 'தேடி அடையவும்' என்று மாற்றிக்கொள்ளலாம். இடைமுக மொழிபெயர்ப்பில் இருப்பவர்கள் சிறிய திரையில் சொல் உடையாமல் நிற்கிறதா என்று சோதித்துச் சொன்னால் உதவியாக இருக்கும். 'உங்கள் விளிப்பெயரைத் தேர்ந்தெடுங்கள்' என்ற வரிதான் மிக நீளமாக வரும், அதிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்